குளிர்கால அரண்மனை: இன்று நிற்பது யார் கட்டியது?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் குளிர்கால அரண்மனையை, கட்டிடக் கலைஞர் ராஸ்த்ரெல்லியின் பரோக் கலையின், அதாவது வளைவும் பொன்னும் நிறைந்த ஆடம்பர அலங்காரப் பாணியின், உச்சம் என்று சொல்கிறார்கள். ஆனால் உட்புறப் படங்களைப் பார்த்தால் பெரும்பாலான கூடங்கள் வேறு பாணியில் இருக்கின்றன. 1837-இல் அரண்மனை எரிந்துபோனது என்றும் படிக்கிறோம். அப்படியானால் இன்று நிற்பது யார் கட்டிய கட்டிடம்? இதுதான் கேள்வி.

சுவர்களும் வெளித்தோற்றமும் 1754 முதல் 1762 வரை பிரான்செஸ்கோ பார்த்தொலோமியோ ராஸ்த்ரெல்லி எழுப்பியவை. கூரை, தளங்கள், விதானங்கள், பெரும்பாலான கூடங்களின் அலங்காரம் ஆகியவை தீவிபத்துக்குப் பிறகு வசீலி ஸ்தாசொவ், அலெக்சாந்தர் பிரியுல்லோவ் என்ற இரு கட்டிடக் கலைஞர்கள் அமைத்தவை. கேள்விக்கு இவ்வளவே போதும் என்று நிறுத்திவிடலாம். ஆனால் இந்த அரண்மனை ஒவ்வொரு ஆட்சியிலும் உள்ளே இடித்து மாற்றப்பட்டு, வெளியே மட்டும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு நின்ற கட்டிடம். அந்த முரண் எப்படி ஏற்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் ஒவ்வொரு கூடமும் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று நமக்குப் புலப்படும். கீழே தரும் தேதிகளில் 1918-க்கு முந்தியவை அப்போது ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படியானவை.

மகா பீட்டர் 1703-இல் நேவா ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலத்தில் நகரத்தைத் தொடங்கியபோது தமக்கென்று பெரிய மாளிகை எதையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆற்றின் கரையில் குளிர்காலத்தில் தங்குவதற்கு ஒரு வீடும், கோடையில் தங்குவதற்குத் தோட்டத்தோடு ஒரு வீடும் அவருக்குப் போதுமாக இருந்தன. ‘குளிர்கால’ என்ற அடைமொழி அங்கிருந்துதான் வருகிறது. அவருடைய குளிர்கால வீடு சில முறை இடம் மாறி, விரிவுபெற்று, கடைசியில் மத்தார்னோவி என்ற கலைஞரின் வடிவமைப்பில் ஓரளவு அரண்மனையாக வளர்ந்தது. 1725 ஜனவரியில் பீட்டர் உயிர்நீத்தது அங்கேதான். பின்னர் ஆட்சிக்கு வந்த பேரரசி அன்னா, அருகிலிருந்த கடற்படைத் தலைவர் அப்ராக்சினின் மாளிகையை எடுத்துக்கொண்டு 1730-களில் அதைப் பெரிதாக்கினார். அந்த வேலையைச் செய்தவரும் ராஸ்த்ரெல்லியே.

ராஸ்த்ரெல்லியின் தந்தை இத்தாலியின் புளோரன்ஸைச் சேர்ந்த சிற்பி. பீட்டரின் அழைப்பின் பேரில் அவர் 1716-இல் ரஷ்யாவுக்கு வந்தபோது மகனுக்குப் பதினாறு வயது. எனவே இளைய ராஸ்த்ரெல்லியை ரஷ்யாவுக்குத் தம் கலையை இறக்குமதி செய்த வெளிநாட்டவர் என்று மட்டும் கருதுவது முறையாகாது. அவருடைய கலை உருப்பெற்றதே ரஷ்ய அரசவையின் தேவைகளுக்குள்தான். பீட்டரின் மகள் எலிசபெத் 1741-இல் அரியணை ஏறிய பிறகு பீட்டர்ஹாஃப், ஜார்ஸ்கோயே செலோ அரண்மனைகள், ஸ்மோல்னி மடம் என்று அவருடைய பெரும்படைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நிறத்தையும் பொன்னையும் ஒளியையும் விரும்பிய பேரரசிக்கும், அவற்றைச் சலிக்காமல் வாரி வழங்கக்கூடிய கலைஞருக்கும் இப்படியொரு பொருத்தம் அமைவது அரிது.

அன்னா காலத்து அரண்மனை எலிசபெத்தின் அவைக்குப் போதவில்லை. முதலில் அதையே விரிவாக்க நினைத்தார்கள்; பழைய சுவர்களோடு புதியதை ஒட்டவைப்பதைவிட முழுவதையும் இடித்துக் கட்டுவதே சரி என்று ராஸ்த்ரெல்லி முடிவுக்கு வந்தார். 1754-இல் புதிய திட்டத்துக்குப் பேரரசி ஒப்புதல் அளித்தார். செலவுக்கென முதலில் கேட்கப்பட்ட தொகை 8 லட்சத்து 59 ஆயிரத்து 555 ரூபிள். அது மதுக்கடைகளின் வருவாயிலிருந்து எடுக்கப்பட்டது. வேலை முடியும்போது செலவு அந்தத் தொகையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. 1756-இல் ரஷ்யா ஏழாண்டுப் போரில் இறங்கியதால் கருவூலமும் வற்றியது. கொத்தர்களும் தச்சர்களும் அரண்மனைக்கு எதிரே இருந்த புல்வெளியில் குடிசை போட்டுத் தங்கி வேலை செய்தார்கள். இன்று உலகின் அழகிய சதுக்கங்களில் ஒன்றாகக் கருதப்படும் அரண்மனைச் சதுக்கம் அவர்கள் குடியிருந்த இடம்தான்.

எலிசபெத் இந்த அரண்மனையில் ஒரு நாளும் வாழவில்லை. வேலை நடக்கும் காலத்துக்கென்று நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் மோய்க்கா ஆற்றோரம் கட்டப்பட்ட தற்காலிக மர அரண்மனையிலேயே 1761 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் மூன்றாம் பீட்டர் குடியேற விரும்பியபோது, சதுக்கம் முழுவதும் குடிசைகளும் செங்கல் குவியல்களும் மரத்துண்டுகளும் அடைத்துக்கிடந்தன. நகரக் காவல் தலைவர், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்று அறிவிக்கவைத்தாராம். நகர மக்கள் வண்டிகளோடு திரண்டு வந்து சில மணி நேரத்தில் இடத்தைத் துடைத்துவைத்துவிட்டார்கள் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. மூன்றாம் பீட்டரின் ஆட்சி ஆறு மாதத்துக்குச் சற்று மேல்தான் நீடித்தது. 1762 ஜூன் மாத இறுதியில் அவருடைய மனைவி காவற்படையின் துணையோடு அவரை அகற்றிவிட்டு இரண்டாம் கேத்தரின் என்ற பெயரில் பேரரசியானார்.

ராஸ்த்ரெல்லி கட்டியது எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இன்றும் அப்படியே நம் கண்முன் இருப்பது அந்தப் பகுதிதான். நடுவில் பெரிய முற்றம். அதைச் சூழ்ந்து நான்கு மூலைகளிலும் முன்னுக்குத் துருத்திய நான்கு பெரும் கட்டுகள். அவற்றை இணைக்கும் நீண்ட கூடவரிசைகள். வெளிச்சுவர் முழுவதும் இரண்டு அடுக்குத் தூண்கள். கீழடுக்கில் சுருள் தலை கொண்ட அயோனியத் தூண்கள் தரைத்தளத்துக்கு நேராக நிற்கின்றன. மேலடுக்கில் இலைவேலைப்பாட்டுத் தலை கொண்ட உயர்ந்த தூண்கள் மேலிரண்டு தளங்களையும் ஒரே வீச்சில் தாண்டிச் செல்கின்றன. இந்தத் தூண்கள் சம இடைவெளியில் நிற்பதில்லை; மூலைகளில் நெருங்கிக் கூடி, நடுவில் விலகி, மறுபடி வாயிலருகே கூடுகின்றன. ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளமுள்ள ஆற்றோர முகப்பு பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் இருப்பதற்கு இதுவே காரணம். தூண்கள் மேலே தாங்கும் விளிம்பு ஒவ்வொரு தூண் கூட்டத்தின் மேலும் முன்னுக்கு வந்து பின்வாங்குகிறது. அதன் மேல் கைப்பிடிச் சுவரில் சிலைகளும் குடுவைகளும் வானத்தை நோக்கி நிற்கின்றன. சாளரச் சட்டங்களின் மேல் சிங்க முகங்களும் குழந்தை முகங்களும் சுதையில் வடிக்கப்பட்டிருக்கின்றன. தொலைவிலிருந்து கல் மாளிகையாகத் தோன்றினாலும், சுவரும் தூணும் செங்கல்லால் எழுப்பிச் சாந்து பூசியவை.

நான்கு முகப்புகளையும் ராஸ்த்ரெல்லி ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆற்றை நோக்கிய வடமுகப்பு தூரத்திலிருந்து, எதிர்க்கரையிலிருந்து, படகிலிருந்து பார்க்கப்படுவது. ஆகவே அங்கே தூண்வரிசை அமைதியாக, இடைவிடாமல் நீள்கிறது. சதுக்கத்தை நோக்கிய தென்முகப்பு வண்டிகள் நுழையும் பக்கம். அதன் நடுவே மூன்று பெரிய வளைவுகள் முற்றத்துக்குள் திறக்கின்றன. கடற்படைத் தலைமையகத்தை நோக்கிய மேற்குப் பக்கத்தில் இரு மூலைக்கட்டுகளும் முன்னுக்கு வந்து நடுப்பகுதி உள்ளொடுங்கி நிற்பதால், ஒரு சிறு முன்முற்றம் போன்ற உணர்வு கிடைக்கிறது. சுமார் 1,050 அறைகளும் 1,945 சாளரங்களும் 117 படிக்கட்டுகளும் கொண்ட கட்டிடம் என்று கணக்குச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த எண்களைவிட, இவ்வளவு பெரிய ஒரு பரப்பைத் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லாமல் ஒரு மனிதர் நிரப்பிக்காட்டியதே வியப்பாக இருக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். இன்றைய பச்சையும் வெள்ளையும் கலந்த தோற்றம் ராஸ்த்ரெல்லி தந்ததன்று. அவர் காலத்தில் சுவர் மென்மையான மணல் மஞ்சளாகவும் தூண்கள் சுண்ணாம்பு வெண்மையாகவும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பலமுறை மாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரும் தூணும் ஒன்றாகச் செங்கல் சிவப்பில் மூழ்கிவிட்டன. 1917-இல் புரட்சியாளர்கள் கண்டது அந்தச் சிவப்பு அரண்மனை. தூணையும் சுவரையும் ஒரே நிறத்தில் பூசியது ராஸ்த்ரெல்லியின் முகப்புக்கு இழைக்கப்பட்ட பெரிய தீங்கு என்பது என் கருத்து. ஒளியும் நிழலும் மாறிமாறி விழுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. பச்சை நிலைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. கூரைமேல் நின்ற பழைய கற்சிலைகள் தட்பவெப்பத்தில் சிதைந்ததால், 1890-களில் அவற்றுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் வடித்த சிலைகள் வைக்கப்பட்டன.

இனி உள்ளே வருவோம். கேத்தரின் ஆட்சிக்கு வந்த உடனேயே ராஸ்த்ரெல்லியின் காலம் முடிந்தது. ஐரோப்பாவில் சுவை மாறிக்கொண்டிருந்தது. புதிய பேரரசி பண்டைய ரோமின் நேர்கோடுகளையும் அடக்கத்தையும் விரும்பினார். 1763-இல் ராஸ்த்ரெல்லி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார், 1771-இல் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட அறைகள் வல்லான் த லா மோத், ரினால்தி, ஃபெல்தன் ஆகியோரிடம் போயின. வெளிச்சுவரில் யாரும் கைவைக்கவில்லை, ஆனால் உள்ளே பரோக் அலங்காரம் அப்போதே பின்வாங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே உட்புறத்தில் ராஸ்த்ரெல்லி மறைந்ததற்குத் தீ மட்டுமே காரணம் என்று பலரும் எழுதுவது முழு உண்மையன்று. தீ வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மறைவு தொடங்கிவிட்டது.

கேத்தரின் காலத்தில்தான் அரண்மனை பக்கவாட்டில் வளர்ந்தது. பெர்லின் வணிகர் கோட்ஸ்கோவ்ஸ்கி, பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக்குக்காகச் சேர்த்துவைத்திருந்த ஓவியத் தொகுப்பைப் போரால் நொடித்துப்போன அந்த அரசரால் வாங்க முடியவில்லை. அது 1764-இல் கேத்தரினிடம் வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து சாக்ஸனியின் புரூல், பாரிஸின் குரோசா, இங்கிலாந்தின் வால்போல் ஆகியோரின் தொகுப்புகளும் வந்தன. இவற்றை வைப்பதற்கும், அவைச் சடங்குகளிலிருந்து ஒதுங்கி நெருங்கியவர்களோடு இருப்பதற்கும் கட்டப்பட்டதே சிறிய ஹெர்மிடேஜ். அடுத்து ஃபெல்தன் கட்டிய பெரிய ஹெர்மிடேஜ். அதற்கும் அடுத்து, பீட்டர் இறந்த பழைய அரண்மனை இருந்த இடத்தில், ஜாக்கொமோ குவாரெங்கி கட்டிய அரங்கம். 1795-இல் குவாரெங்கியே அரண்மனையின் கிழக்குப் பக்கத்தில் புனித ஜார்ஜ் கூடம் என்ற பெரிய அரியணை மண்டபத்தையும் முடித்தார். இந்தக் கட்டிடங்கள் எல்லாம் நேவா கரையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆனால் ராஸ்த்ரெல்லியின் தூண்களிலிருந்து ஃபெல்தனின் வெறுஞ்சுவர்வரை கண்ணை ஓட்டினால், ஒரு தலைமுறைக்குள் சுவை எவ்வளவு மாறியது என்பதை ஒரே பார்வையில் காணலாம்.

முதலாம் அலெக்சாந்தர் காலத்தின் பெரிய சேர்க்கை, நெப்போலியனை வென்ற 1812-ஆம் ஆண்டுப் போரின் நினைவுக் கூடம். கார்லோ ரோசி வடிவமைத்த அது 1826 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆங்கில ஓவியர் ஜார்ஜ் டோவும் அவருடைய இரு ரஷ்ய உதவியாளர்களும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படைத்தலைவர்களின் உருவப்படங்களை வரைந்தார்கள். படம் கிடைக்காமல் போனவர்களுக்குப் பச்சைத் துணி போர்த்திய பதின்மூன்று வெற்றுச் சட்டங்கள், பெயரை மட்டும் தாங்கி இன்றும் தொங்குகின்றன.

1830-களில் ஒகுஸ்த் மோன்ஃபெராந் தளபதிகள் கூடத்தையும் பீட்டர் கூடத்தையும் அமைத்தார். முதலாம் நிக்கலஸ் அவசரப்படுத்தியதால் இந்த வேலைகள் விரைவாக நடந்தன. புதிய மரத் தடுப்புச் சுவர்களுக்கும் பழைய செங்கல் சுவர்களுக்கும் இடையே வெற்றிடங்கள் விடப்பட்டன. பழைய புகைக்குழாயை ஒட்டிய ஒரு வெப்பத் திறப்பு சரிவர அடைக்கப்படவில்லை. 1837 டிசம்பர் 17-ஆம் நாள் மாலை தளபதிகள் கூடத்தில் புகை வெளிப்பட்டது. அதற்கு முன்பே இரண்டு மூன்று நாட்களாகப் புகை நாற்றம் வந்துகொண்டிருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். தீயைத் தேடித் தடுப்பை உடைத்தபோது காற்று உள்ளே பாய்ந்து, சுவருக்குள் கனன்றுகொண்டிருந்தது கூரைவரை எழும்பியது. மேல்தளத்தின் மர விட்டங்கள் எண்பது ஆண்டுகள் காய்ந்திருந்தவை. அங்கிருந்து தீ தடையின்றி ஓடியது.

நாடக அரங்கிலிருந்து விரைந்து வந்த நிக்கலஸ், அரண்மனையைக் காக்க முடியாது என்று கண்டு, ஹெர்மிடேஜைக் காக்குமாறு ஆணையிட்டார். இரு கட்டிடங்களையும் இணைத்த நடைபாதைகள் இடிக்கப்பட்டன. திறப்புகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவரில் இடைவிடாமல் தண்ணீர் ஊற்றினார்கள். காவற்படை வீரர்கள் உருவப்படங்களையும் அரியணையையும் கொடிகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் சுமந்து வந்து சதுக்கத்தின் பனியில், அலெக்சாந்தர் தூணைச் சுற்றிக் குவித்தார்கள். சுவரோடு பொருத்தியிருந்த ஒரு பெருங்கண்ணாடியை எடுக்க முயன்ற வீரர்கள் சொல்லியும் நகராததால், ஜார் கையிலிருந்ததை எறிந்து அதை உடைத்து, உங்கள் உயிரைவிட இது பெரிதில்லை என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஏறத்தாழ முப்பது மணி நேரம் அரண்மனை எரிந்தது. ஓவியங்கள் தப்பின, அரண்மனை வெளிச்சுவரோடு கூடாக நின்றது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை உருவாகிறது. நிக்கலஸ் முன் மூன்று வழிகள் இருந்தன: சுவரையும் இடித்துவிட்டுத் தம் காலத்துப் பாணியில் புதிதாகக் கட்டுவது, சுவரை வைத்துக்கொண்டு உள்ளே புதிய திட்டம் போடுவது, இருந்ததை இருந்தபடியே மீட்பது. சில நாட்களிலேயே அவர் ஒரு குழுவை அமைத்து மூன்றாவது வழியைத் தேர்ந்தார். ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் தாம் அங்கே மீண்டும் குடியேற வேண்டும் என்பதும் அவருடைய கட்டளை. அரசின் வலிமைக்கு எந்த ஊறும் நேரவில்லை என்று ஐரோப்பாவுக்குக் காட்டுவதே அந்த அவசரத்தின் நோக்கம். வெளிப்புறமும் சடங்குக் கூடங்களும் ஸ்தாசொவிடமும், அரச குடும்பத்தின் வாழ்வறைகள் பிரியுல்லோவிடமும் ஒப்படைக்கப்பட்டன.

இவ்விருவரில் ஸ்தாசொவுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்றே நான் எண்ணுகிறேன். அவர் செவ்வியல் பாணியில் ஊறியவர். கேத்தரின் காலத்துச் சுவையின் வாரிசு. பரோக் கலையைப் பழமை என்று அவர் ஒதுக்கியிருந்தால் அன்றைய கலையுலகில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் முகப்பை ராஸ்த்ரெல்லியின் கோட்டிலேயே மீட்டார். அரண்மனைப் பேராலயத்தின் சுருள்களையும் பொன்வேலையையும் ஏறக்குறைய முன்பிருந்தபடியே திரும்ப அமைத்தார். பெரும் படிக்கட்டை அவர் கையாண்ட விதம் இன்னும் நுட்பமானது. இயேசு ஜோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவன்று ஜார் அதன் வழியாக இறங்கி, நேவாவின் உறைபனியில் வெட்டிய குழியில் நீரைப் புனிதப்படுத்தும் சடங்குக்குச் செல்வதால் அதை ஜோர்தான் படிக்கட்டு என்று அழைத்தார்கள். ராஸ்த்ரெல்லியின் இரட்டைப் படி வரிசை, இரு தளம் உயர்ந்த வெளி, பொன்முலாம் பூசிய சுதை, எதிரெதிர் சாளரங்களும் கண்ணாடிகளும் தரும் ஒளி ஆகிய எல்லாவற்றையும் ஸ்தாசொவ் தக்கவைத்தார். சாயம் பூசிய செயற்கைப் பளிங்குத் தூண்களை மட்டும் நீக்கிவிட்டு, ஒற்றைக்கல்லில் செதுக்கிய பத்துச் சாம்பல் நிறக் கருங்கல் தூண்களை நிறுத்தினார். மேல்தளத்தில் எரிந்துபோன ஓவியத்துக்குப் பதிலாக, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் காஸ்பாரே திசியானி வரைந்த ஒலிம்பஸ் தேவர்களின் ஓவியம் பொருத்தப்பட்டது. விதானத்தின் பரப்பு ஓவியத்தைவிடப் பெரிதாக இருந்ததால், எஞ்சிய இடத்தைச் சுவரோவியமாகத் தீட்டி நிரப்பினார்கள்.

பிற கூடங்களில் ஸ்தாசொவ் தம் சொந்தக் குரலில் பேசினார். புனித ஜார்ஜ் கூடத்தில் குவாரெங்கி வைத்திருந்த பல நிறப் பளிங்கை விட்டுவிட்டு, நிக்கலஸின் விருப்பப்படி இத்தாலியின் கராரா வெண்பளிங்கால் முழுக் கூடத்தையும் அமைத்தார். விதானத்தின் பொன்வேலைக் கோலம் கீழே மரத்தரையில் அப்படியே எதிரொலிக்கிறது. பதினாறு வகை மரங்கள் அந்தத் தரையில் இழைக்கப்பட்டிருக்கின்றன. வெண்மையும் பொன்னும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த மண்டபம் பேரரசின் கண்டிப்பை வெளிக்காட்டுகிறது. எலிசபெத் இதைக் கண்டிருந்தால் தம் வீடு என்று ஏற்றிருக்க மாட்டார். இதன் முதல் விதானம் 1841-இல் இடிந்து விழுந்தது. மீண்டும் சீரமைத்து முடித்தது 1842-இல்.

கண்ணுக்குத் தெரியாத புதுமைகள் இதைவிடப் பெரியவை. மரம் தந்த பாடத்தை மறக்காமல், கூரைத் தாங்கிகளை இரும்பில் அமைத்தார்கள். நகரின் அலெக்சாந்தர் வார்ப்பாலையில் மத்வேய் கிளார்க்கின் மேற்பார்வையில் இரும்புச் சட்டங்களும், தகட்டை வளைத்து முட்டை வடிவக் குறுக்குவெட்டில் செய்த விட்டங்களும் உருவாயின. தளங்களுக்கு இடையே எடை குறைந்த வளைவுகளைக் கட்ட உள்ளீடற்ற சுட்ட மண்குடங்களைப் பயன்படுத்தினார்கள். விதானங்கள் செப்புத் தகட்டால் ஆனவை. ஒவ்வொரு அறையிலும் விறகடுப்பு வைப்பதற்குப் பதிலாக, அமோசொவ் என்பவர் உருவாக்கிய முறையில் நிலவறை உலைகளிலிருந்து சுடுகாற்றைக் குழாய்வழி மேலே அனுப்பினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முகத்துக்குப் பின்னால் இப்படிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்பு உடல் ஒளிந்திருக்கிறது. ரஷ்யாவில் இவ்வளவு பெரிய அளவில் இரும்பைக் கட்டுமானத்தில் பயன்படுத்திய முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. கட்டுமான வரலாற்றில் இதற்கு உரிய இடம் பொன்முலாம் பூசிய கூடங்களுக்கு உரிய இடத்தைவிடக் குறைந்ததன்று.

1839 ஈஸ்டர் திருநாளுக்கு முன்பே முக்கியமான கூடங்கள் தயாராகிவிட்டன. அந்த வேகத்துக்கான விலையை உழைத்தவர்கள் கொடுத்தார்கள். சாந்தும் பூச்சும் விரைவில் உலரவேண்டும் என்பதற்காகக் கடுங்குளிரிலும் அறைகள் அனல்போல் சூடேற்றப்பட்டன. உள்ளே அந்த வெப்பத்தில் உழைத்துவிட்டு உறைபனிக்குள் வெளியேறியவர்கள் நோயுற்று மடிந்தார்கள் என்று அதே ஆண்டில் ரஷ்யாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பயணி கசப்போடு எழுதினார். அவருடைய எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பெரிய கட்டிடத்தைப் பதினைந்து மாதங்களில் மீட்டது என்ற பெருமையைப் பேசும்போது அந்தத் தொழிலாளர்களைப் பேசாமல் விடுவது அறமாகாது. வேலையில் பங்குபெற்றவர்களுக்கு ‘நன்றி கூறுகிறேன்’ என்று பொறித்த பதக்கத்தை ஜார் வழங்கினார்.

பிரியுல்லோவின் படைப்புகளில் தலைசிறந்தது மாலக்கைட் கூடம். முன்பு அங்கே இருந்த மோன்ஃபெராந்தின் அறை எரிந்துபோனதால், பேரரசி அலெக்சாந்திரா ஃபியோதரோவ்னாவுக்காக அது புதிதாக அமைக்கப்பட்டது. யூரல் மலையில் அப்போது பெருமளவில் கிடைத்த பச்சைக் கல்லான மாலக்கைட்டை மெல்லிய தகடுகளாக அறுத்து, அதன் இயற்கையான வரிகள் இழைந்து ஒரே கல்போல் தோன்றுமாறு தூண்களின்மேல் ஒட்டுவது ரஷ்யக் கைவினைஞர்களின் தனித்திறன். எட்டுத் தூண்களும் எட்டு அரைத்தூண்களும் கணப்புகளும் அவ்வாறு போர்த்தப்பட்டவை. ஏறத்தாழ இரண்டு டன் மாலக்கைட் இதற்குச் செலவானது. இதே பிரியுல்லோவ் பிற அறைகளில் பொம்பெயி, கோத்திக், கிரேக்கம் என்று பல பாணிகளை அறைக்கு அறை மாற்றி வைத்தார். அதன்பின் வந்த ஒவ்வொருவரும் தம் சுவைப்படி ஓரிரு அறைகளை மாற்றினார்கள். கடைசி ஜார் இரண்டாம் நிக்கலஸின் அக்ரூட் (வால்நட்) மர விதானம் கொண்ட கோத்திக் நூலகம் 1890-களைச் சேர்ந்தது.

அரண்மனையின் அரசியல் வரலாறு கட்டிடத்திலும் தடம் பதித்திருக்கிறது. 1880 பிப்ரவரி 5-ஆம் நாள், தச்சராக வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்தெபான் ஹல்தூரின் நிலவறையில் வைத்த வெடி, இரண்டாம் அலெக்சாந்தரின் உணவறைக்குக் கீழிருந்த காவலர் அறையைத் தகர்த்துப் பதினொரு வீரர்களைக் கொன்றது. விருந்தினர் தாமதமாக வந்ததால் ஜார் அன்று தப்பினார். ஓராண்டு கழித்து நகரத் தெருவில் வெடிகுண்டால் தாக்கப்பட்டு இந்த அரண்மனைக்கே கொண்டுவரப்பட்டு இறந்தார். அவருடைய மகன் நகருக்கு வெளியிலுள்ள காச்சினாவில் வாழ்வதையே விரும்பினார். இரண்டாம் நிக்கலஸும் 1904-க்குப் பிறகு ஜார்ஸ்கோயே செலோவுக்குப் போய்விட்டார். ஆகவே 1905 ஜனவரி 9-ஆம் நாள் விண்ணப்பத்தோடு வந்த தொழிலாளர்கள் சதுக்கத்தில் சுடப்பட்டபோது அவர்கள் தேடிவந்த ஜார் உள்ளே இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், புனித ஜார்ஜ் கூடத்தில், அரியணையின் முன் தூமா என்ற முதல் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களை அவர் வரவேற்றார். 1915 முதல் பெருங்கூடங்கள் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையாயின. 1917-இல், ஜார் பதவி விலகிய பிறகு அமைந்த இடைக்கால அரசு மாலக்கைட் கூடத்தில் கூடியது. அக்டோபர் 26-ஆம் நாள் அதிகாலை, அடுத்திருந்த சிறிய வெள்ளை உணவறையில் அமைச்சர்கள் கைதானார்கள். அங்கிருந்த கணப்பு மேடைக் கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடத்தில் நிறுத்தப்பட்டு நூறு ஆண்டு அப்படியே இருந்தது. 2017-இல்தான் அதை மீண்டும் ஓடவைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில், அப்போது லெனின்கிராத் என்று அழைக்கப்பட்ட இந்த நகரம் முற்றுகையிடப்பட்ட காலம் கட்டிடத்துக்கு இரண்டாவது பெரிய சோதனை. அதற்குள் அரண்மனையும் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் பகுதியாகியிருந்தது. 1941 ஜூலையில் அதன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இரண்டு ரயில்களில் யூரல் மலைக்கு அப்பால் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டன. ஓவியங்களை எடுத்தபின் சட்டங்களை அவற்றின் இடத்திலேயே விட்டார்கள், திரும்பி வரும்போது எது எங்கே என்று தெரிவதற்காக. இயக்குநர் இயோசிஃப் ஒர்பேலியும் ஊழியர்களும் அவர்களின் குடும்பங்களும் நிலவறைகளில் தங்கினார்கள். மாடித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் பயிரிட்டார்கள். குண்டுகள் விழுந்து கண்ணாடிகள் நொறுங்கிய கூடங்களிலிருந்து பனியையும் கண்ணாடித் துண்டுகளையும் நாள்தோறும் அள்ளினார்கள். இரும்புக் கூரைச் சட்டங்கள் அந்த ஆண்டுகளில் கட்டிடத்தைத் தீயிலிருந்து காப்பதற்கும் உதவின. மரக் கூரையாக இருந்திருந்தால் தீக்குண்டு ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். 1945 நவம்பரில் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது.

நேரில் சென்று பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் ராஸ்த்ரெல்லியைத் தேடுவதாக இருந்தால், முதலில் நேவாவின் எதிர்க்கரையிலிருந்து வடமுகப்பைப் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது தூண்களின் நெருக்கமும் இடைவெளியும் தெளிவாகத் தெரியும். உள்ளே ஜோர்தான் படிக்கட்டும் பேராலயமும் அவருடைய எண்ணத்தை ஸ்தாசொவின் கையால் காட்டுபவை. 1812 கூடம் ரோசியை நினைவூட்டும், ஆனால் அதன் அலங்காரமும் தீக்குப் பின் ஸ்தாசொவ் சற்று மாற்றி அமைத்ததே. புனித ஜார்ஜ் கூடம் முழுக்க நிக்கலஸ் காலத்தது, மாலக்கைட் கூடம் பிரியுல்லோவுடையது. இவற்றுக்கெல்லாம் முந்தியதைக் காண விரும்புபவர்கள் ஹெர்மிடேஜ் அரங்கத்துக்குக் கீழே போக வேண்டும். குவாரெங்கி அரங்கம் கட்டியபோது பீட்டருடைய அரண்மனையை முழுவதும் இடிக்காமல் அதன் கீழ்த்தளத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டதால், பீட்டர் காலத்து முற்றத்தின் ஒரு பகுதியும் சில அறைகளும் அங்கே மிஞ்சின. அவை மீட்கப்பட்டு இன்று பார்வைக்குத் திறந்திருக்கின்றன.